கல்வமும் கைவிளக்கும்: மருந்துக்கடையில் உழைத்தபடி படித்தவர்கள்

இப்சனை நாடகாசிரியராக அறிவோம். ஓ. ஹென்றியைச் சிறுகதையின் கடைசி வரியில் நம்மைத் திடுக்கிட வைப்பவராக அறிவோம். அகதா கிறிஸ்டியைத் துப்பறியும் கதைகளின் அரசியாக அறிவோம். வெவ்வேறு நாடு, வெவ்வேறு காலம், வெவ்வேறு எழுத்து. ஆயினும் இம்மூவரையும் இணைக்கும் இழை ஒன்று உண்டு. மூவரும் மருந்துக்கடையிலோ மருத்துவமனையின் மருந்தகத்திலோ மேசைக்குப் பின்னால் நின்று மருந்து கலந்தவர்கள். அந்த வேலை தந்த இடைவெளிகளில் தேர்வுக்குப் படித்தவர்கள்.

இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. மருந்தாளுநர் தொழிலின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கையில் ஒன்று தெளிவாகிறது. மற்றத் துறைகளில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது ஏழை மாணவனின் தனிப்பட்ட துயரம். மருந்துத் துறையிலோ ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அதுவே கல்வி முறையாக இருந்தது. கடையில் நிற்காதவன் மருந்து படித்தவனாகக் கருதப்படவில்லை. பின்னர் ஒரு கட்டத்தில் இது தலைகீழாயிற்று. அந்த மாற்றம் எப்படி நேர்ந்தது, அதனால் யார் என்ன பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்பதையே இக்கட்டுரையில் காணப் புகுகிறோம்.

முதலாளியின் அலமாரி

ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டில் மருந்து செய்யக் கற்பதற்குப் பெரும்பாலோருக்கு இருந்த வழி ஒன்றே. பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவனை ஒரு மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோய் விடுவார்கள். அவன் அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கி, ஆண்டுக்கணக்கில் தொழில் பழகுவான். தரை பெருக்குவது, குப்பி கழுவுவது, கல்வத்தில் சரக்கு இடிப்பது, வடிகட்டுவது, மாத்திரை உருட்டுவது, களிம்பு குழைப்பது என்று வேலை விடியலில் தொடங்கிவிடும். இரவில் எவரேனும் மணியை அடித்தால் எழுந்து கதவைத் திறக்க வேண்டியவனும் அவனே. நம் சித்த வைத்தியர் வீடுகளில் குருவுக்குப் பணிவிடை செய்து, கல்வத்தில் அரைத்து அரைத்தே சரக்கின் குணம் அறிந்த சீடர்களை அறிந்தவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

இந்த உழைப்புக்குள் படிப்பு எங்கே இருந்தது? முதலாளியின் அலமாரியில் இருந்தது. அவர் நல்லவராக இருந்து, அலமாரியில் நல்ல நூல்களும் இருந்து, பையனுக்கு இரவில் விளக்கெரிக்க அனுமதியும் கிடைத்தால் அவன் படித்தான். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாழ்நாள் முழுவதும் உருட்டுக்காரனாகவே நின்றான்.

மூன்றும் வாய்க்கப்பெற்ற ஒருவரின் பெயர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. 1742இல் ஸ்ட்ரால்சுண்டு நகரில் பிறந்தவர். 1757இல், பதினான்கு வயதில், சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் மார்ட்டின் பௌக் என்பவரின் மருந்துக்கடையில் சேர்ந்தார். பகலில் கடைவேலை. இரவில் லெமெரி, குங்கெல், ஸ்டால் ஆகியோரின் வேதியியல் நூல்கள். படித்ததோடு நில்லாமல், அந்நூல்களில் கண்ட சோதனைகளைக் கடையின் சரக்குகளைக் கொண்டே செய்து பார்த்தார். மருந்துக்கடை என்பது அக்காலத்தில் ஓர் ஆய்வுக்கூடமும்கூட என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அடுப்பும் வாலையும் அமிலங்களும் உப்புகளும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு ஏழைப் பையனுக்குப் பல்கலைக்கழகம் தராத வசதியைக் கடை தந்தது.

மால்மோ, ஸ்டாக்ஹோம், உப்சாலா என்று கடை மாறிக் கடையாக வேலை பார்த்தபடியே ஷீலே தம் ஆய்வுகளைத் தொடர்ந்தார். பிரீஸ்ட்லி தம் கண்டுபிடிப்பை வெளியிடுவதற்கு முன்பே ஆக்சிஜனைத் தனித்துப் பிரித்திருந்தார். ஆனால் அவருடைய நூல் 1777இல்தான் அச்சேறியது. குளோரினை முதலில் பிரித்தவரும் அவரே. இந்த வரலாற்றின் வியப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது. 1775இல் சுவீடனின் அரச அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருடைய தொழில்நிலை 'மருந்தியல் மாணவர்'. மருந்தாளுநர் தேர்வை அவர் எழுதியது அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1777இல். ஐரோப்பாவின் முதல்தர வேதியியலாளர்களில் ஒருவர், சட்டத்தின் கண்ணில் இன்னும் தேர்வெழுதாத கடைப்பையன்! கோப்பிங் என்ற சிறிய ஊரின் மருந்துக்கடையில் இருந்தபடியே, 1786இல், நாற்பத்து மூன்று வயதில் மறைந்தார்.

ஷீலேயை வைத்து இம்முறையைப் புகழ்ந்துவிடலாம். ஆனால் ஒரு ஷீலேக்குப் பின்னால் எத்தனை பேர் குப்பி கழுவியே ஓய்ந்தார்கள் என்பதற்கு எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை.

கிரிம்ஸ்டாட்டின் இரவுகள்

நார்வேயின் தென்கடற்கரையில் கிரிம்ஸ்டாட் என்று ஒரு சிற்றூர். கப்பல் கட்டுவோரும் மாலுமிகளும் வாழ்ந்த ஊர். 1844ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பதினாறு வயது நிறையாத ஹென்ரிக் இப்சன் அங்கே ரெய்மன் என்பவரின் மருந்துக்கடையில் வேலைக்கு வந்து சேர்ந்தார். ஷீயன் நகரில் செல்வாக்கோடு வாழ்ந்த தந்தையின் வணிகம் நொடித்துப்போயிருந்தது. மகனைப் பள்ளிக்கு மேல் படிக்கவைக்க வழியில்லை. மருத்துவராக வேண்டும் என்பது இப்சனின் ஆசை. மருந்துக்கடை அதற்கு ஒரு படிக்கட்டாகலாம் என்ற நம்பிக்கையில் வந்தவர் அவர்.

கடை சிறியது. முதலாளியின் பிள்ளைகளோடு ஒரே அறையில் உறக்கம். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவுமில்லை. இந்நிலையில் 1846இல் அவ்வீட்டின் பணிப்பெண் ஒருத்திக்கு அவரால் ஒரு மகன் பிறந்தான். அக்குழந்தையின் பராமரிப்புக்காகப் பல ஆண்டுகள் பணம் கட்டவேண்டிய பொறுப்பும் பதினெட்டு வயதுக் கடைப்பையனின் தோளில் ஏறியது. வேலைக்கும் படிப்புக்கும் இடையே சமநிலை காண்பது பற்றி இன்று நாம் எளிதாகப் பேசுகிறோம். அந்தத் தராசின் ஒரு தட்டில் இப்படி எத்தனை பாரங்கள் வந்து உட்காரும் என்பதற்கு இப்சனின் இந்த ஆண்டுகளே சான்று.

பின்னர் கடை கைமாறியது. புதிய முதலாளி லார்ஸ் நீல்சனின் காலத்தில் நிலைமை சற்றுச் சீரடைந்தது. இதற்கிடையில் மருந்துக்கடை உதவியாளருக்கான தேர்வில் இப்சன் தேறிவிட்டார். அடுத்த இலக்கு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. அதற்கு லத்தீன் வேண்டும். பாடத்தில் சல்லஸ்ட் எழுதிய காட்டிலைனின் சதி வரலாறும், சிசரோ அவனுக்கு எதிராக ஆற்றிய உரைகளும் இருந்தன. பகலெல்லாம் மருந்து கட்டிக் கொடுத்துவிட்டு, இரவில் அவற்றைப் படித்த இளைஞருக்கு ஒரு விபரீதம் நேர்ந்தது. பாடநூல் கண்டித்த கலகக்காரன்மீது அவருக்குப் பரிவு பிறந்துவிட்டது. தேர்வுக்குப் படிக்கவேண்டிய இரவுகளில் நாடகம் எழுதத் தொடங்கினார். அவருடைய முதல் நாடகமான 'காட்டிலினா' இப்படிப் பிறந்தது.

கால் நூற்றாண்டு கழித்து, 1875இல், அந்நாடகத்தின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் இப்சன் ஒரு செய்தியைச் சொல்கிறார். நாடகத்தின் நிகழ்ச்சிகள் ஏறக்குறைய முழுவதும் இரவிலேயே நடப்பதற்குக் காரணம், தாம் எழுதக் கிடைத்த நேரம் இரவு மட்டுமே என்பது அவருடைய விளக்கம். ஓர் எழுத்தாளனின் வேலைநேரம் அவனுடைய படைப்பின் வானத்தையே தீர்மானித்துவிடுகிறது! இலக்கிய விமர்சகர்கள் குறியீடு தேடும் இடத்தில் ஒரு கடைப்பையனின் நேரப்பட்டியல் ஒளிந்திருக்கிறது.

நாடகம் 1850இல் புனைபெயரில் வெளியாயிற்று. அச்சுச் செலவை ஏற்றவர் அவருடைய நண்பர் ஷூலெருட். விற்றவை சில பிரதிகளே. எஞ்சியவை பழைய காகிதமாக எடைக்குப் போயின. அதே ஆண்டில் கிறிஸ்டியானியா சென்று நுழைவுத் தேர்வை எழுதினார். கிரேக்க மொழியிலும் கணக்கிலும் தேறவில்லை. மருத்துவக் கனவு அத்தோடு முடிந்தது. கடைவேலையும் நாடகமும் சேர்ந்து படிப்பைத் தின்றுவிட்டன என்று சொல்லலாம். உலக நாடக மேடைக்கு அது ஆதாயமாயிற்று என்பது நமக்குத் தெரியும். 1850இல் தேர்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அந்த இளைஞருக்கு அது தெரியாது.

இப்சனின் சமகாலத்தவரான ஜெர்மானிய நாவலாசிரியர் தியோடர் ஃபொன்டானேயின் வழி வேறு. மருந்துக்கடைக்காரரின் மகன், 1836இல் பெர்லினில் வில்ஹெல்ம் ரோசேயின் கடையில் பழகுநராகச் சேர்ந்தார். கவிதையும் கதையும் எழுதியபடியே லைப்சிக், டிரெஸ்டன் என்று கடைகடையாக வேலை பார்த்தார். விடாது படித்து 1847இல் முதல்தர மருந்தாளுநருக்கான அரசுத் தேர்வில் தேறினார். 1848இல் பெர்லினின் பெத்தானியன் மருத்துவமனையில் இரு செவிலிச் சகோதரியருக்கு மருந்தாக்கம் கற்பிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. ஆனால் சொந்தக் கடை வைக்கப் பணமில்லை. 1849இல் தொழிலையே உதறிவிட்டு எழுத்தை நம்பி வெளியேறினார். தேர்வில் தோற்றவரும் எழுத்தாளரானார், வென்றவரும் எழுத்தாளரானார். அரை நூற்றாண்டு கழித்து 1895இல் நூலாக வந்த அவருடைய 'எஃபி பிரீஸ்ட்' நாவலில் கீஸ்ஹ்யூப்லர் என்றொரு மருந்துக்கடைக்காரர் வருகிறார். அந்நாவலின் அந்தச் சிற்றூரில் எஃபியிடம் உண்மையான பரிவு காட்டுபவர் அவர்தான். பழைய தொழிலுக்கு எழுத்தாளர் செலுத்திய நன்றி அது என்றே நமக்குத் தோன்றுகிறது.

கடை மூடியபின் திறந்த கல்லூரி

இதுவரை பார்த்தவர்களுக்குப் படிப்பு தனிமனித முயற்சி. அந்த முயற்சிக்கு ஒரு நிறுவனமே தன் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்ட கதை அமெரிக்காவில் நடந்தது.

1821இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் தரப்பினர் மருந்தாளுநர்களுக்குப் பட்டம் வழங்க முடிவெடுத்தார்கள். ஃபிலடெல்ஃபியா நகர மருந்துக்கடைக்காரர்களுக்கு இது உவப்பாக இல்லை. தங்கள் தொழிலுக்குத் தகுதி வகுக்கும் அதிகாரம் மருத்துவர் கைக்குப் போவதா என்று கொதித்தார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் கார்ப்பெண்டர்ஸ் ஹால் என்ற புகழ்பெற்ற மண்டபத்தில் கூடினார்கள். அமெரிக்க நாட்டின் முதல் கண்ட மாநாடு 1774இல் கூடிய அதே மண்டபம். அங்கே பிறந்ததுதான் ஃபிலடெல்ஃபியா மருந்தியல் கல்லூரி. அந்நாட்டின் முதல் மருந்தியல் கல்லூரி அது. அதே ஆண்டு நவம்பரில் வகுப்புகள் தொடங்கிவிட்டன.

கல்லூரியை நடத்தியவர்கள் கடை முதலாளிகள். மாணவர்களோ அவர்களுடைய கடைகளில் பழகும் பையன்கள். பகலில் வகுப்பு வைத்தால் கடை நடக்காது. ஆகவே பாட உரைகள் மாலையில் நடந்தன. பட்டம் பெறுவதற்கான விதிகளும் இதற்கேற்பவே வகுக்கப்பட்டன. இரண்டு பருவம் உரைகளைக் கேட்டிருக்க வேண்டும். நன்மதிப்புள்ள மருந்தாளுநர் ஒருவரிடம் நான்காண்டுகள் தொழில் பழகியிருக்க வேண்டும். இருபத்தோரு வயது நிறைந்திருக்க வேண்டும். சொந்தமாக ஓர் ஆய்வேடு எழுதித் தேர்வும் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு வந்து படிக்கச் சொல்லும் கல்லூரிகளை நாம் அறிவோம். வேலையில் இல்லாதவனுக்குப் பட்டம் தராத கல்லூரி இது.

மாசசூசெட்ஸ், நியூயார்க், மேரிலாண்டு, சின்சினாட்டி, சிகாகோ, செயிண்ட் லூயிஸ் என்று அடுத்த நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் எழுந்த கல்லூரிகளும் கடைக்காரர்கள் தங்கள் பழகுநர்களுக்காக எழுப்பியவையே.

இம்முறையின் தலைசிறந்த விளைச்சல் வில்லியம் பிராக்டர் எனலாம். 1817இல் பால்டிமோரில் பிறந்தவர். பதினான்கு வயதில், 1831இல், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மருந்துக்கடையில் பழகுநராகச் சேர்ந்தார். பகலில் கடை, மாலையில் கல்லூரி. 1837இல் லொபீலியா என்ற மூலிகையைப் பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றார். 1844இல் சொந்தக் கடை திறந்தார். 1846இல் தாம் படித்த கல்லூரியிலேயே மருந்தாக்கப் பேராசிரியரானார். பேராசிரியரான பிறகும் கடையை மூடவில்லை. அந்நாட்டின் முதன்மையான மருந்தியல் இதழுக்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆசிரியராகவும் இருந்தார். 1866இல் பதவியிலிருந்து விலகியவர், தமக்குப் பின் வந்த எட்வர்ட் பாரிஷ் 1872இல் மறைந்தபோது மீண்டும் வகுப்புக்கு வந்தார். 1874இல் இறக்கும்வரை கற்பித்தார். அமெரிக்க மருந்தியலின் தந்தை என்று அவரை அழைக்கிறார்கள். பதினான்கு வயதில் தொடங்கிய இரட்டை வாழ்க்கையை அவர் கடைசிவரை கைவிடவே இல்லை என்பதே நமக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். சூசன் ஹேஹர்ஸ்ட் 1857இலேயே மருத்துவப் பட்டம் பெற்றவர். 1876 முதல் ஃபிலடெல்ஃபியாவின் பெண்கள் மருத்துவமனையில் மருந்துப் பிரிவின் தலைவராகப் பணிபுரிந்தார். அந்தப் பொறுப்பில் இருந்துகொண்டே மருந்தியல் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்து, 1883இல், அறுபது வயதைக் கடந்த நிலையில் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே. தம் பேரன் வயதுப் பையன்களோடு வாங்கில் அமர்ந்து பாடம் கேட்ட அந்த மூதாட்டியை நினைத்துப் பாருங்கள். மருந்தகத்தில் அவர் தலைவர். வகுப்பறையில் அவர் மாணவி.

பிரெஸ்காட் மூட்டிய சண்டை

எல்லாம் இனிதாக இருந்ததா என்றால், இல்லை. பகல் முழுவதும் நின்று உழைத்தவன் மாலை வகுப்பில் எவ்வளவு கற்பான்? உரை கேட்டான், ஆனால் சோதனைக்கூடத்தில் தன் கையால் செய்து பார்க்க நேரமில்லை. கடையில் கற்றுக்கொள்வான் என்றால், கடையின் தன்மையே மாறிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மருந்துகளை ஆலைகள் செய்யத் தொடங்கின. ஷீலேயின் காலத்துக் கடையில் அடுப்பும் வாலையும் இருந்தன. புதிய கடையில் ஆலையிலிருந்து வந்த குப்பிகள் வரிசையாக நின்றன. அங்கே நான்காண்டுகள் நின்றவன் வேதியியலைவிட விற்பனையையே அதிகம் கற்றான். பழகுநர் என்ற பெயரில் முதலாளிக்குக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது என்பதும் மறுக்க முடியாத உண்மை.

1868இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பிரெஸ்காட் என்பவரின் வழிகாட்டலில் ஒரு புதிய மருந்தியல் படிப்பு தொடங்கியது. பகல் முழுவதும் வகுப்பு. அதில் பெரும்பகுதி சோதனைக்கூடத்தில். கடை அனுபவம் தேவையில்லை என்று துணிந்து அறிவித்தார்கள்.

தொழிலுலகம் பொங்கி எழுந்தது. கல்வத்தைத் தொடாதவன் மருந்தாளுநனா என்று கேட்டார்கள். 1871இல் செயிண்ட் லூயிஸ் நகரில் அமெரிக்க மருந்தியல் சங்கம் கூடியது. மிச்சிகனின் பேராளராக வந்த பிரெஸ்காட்டை ஏற்க மறுத்துவிட்டார்கள். கடைப் பழக்கத்தைக் கேட்காத நிறுவனம் மருந்தியல் கல்லூரியே அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். ஓர் அறிவுத்துறை தன் எதிர்காலத்தை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய தருணம் அது.

காலம் பிரெஸ்காட்டின் பக்கம் நின்றது. 1892இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கிரெமர்ஸ் நான்காண்டுப் பட்டப்படிப்பைத் தொடங்கினார். எந்தச் சங்கம் திருப்பி அனுப்பியதோ அதே சங்கத்துக்குப் பிரெஸ்காட் 1899இல் தலைவரானார். 1905இல் நியூயார்க் மாநிலத்தில் கல்லூரிப் படிப்பு இல்லாமல் மருந்தாளுநர் உரிமம் இல்லை என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1932இல் நான்காண்டுப் படிப்பு நாடு முழுவதற்கும் குறைந்தபட்ச அளவாயிற்று.

அறிவியல் நோக்கில் பிரெஸ்காட் சொன்னதே சரி என்பதில் நமக்கு ஐயமில்லை. நோயாளியின் உயிர் மருந்தாளுநரின் அறிவைச் சார்ந்திருக்கிறது. அந்த அறிவு களைத்த கண்களோடு கேட்ட உரைகளிலிருந்து மட்டும் வந்துவிடாது. ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. பழைய கல்லூரி கடை மூடும் நேரத்துக்காகக் காத்திருந்தது. புதிய கல்லூரி பகலை முழுவதுமாகக் கேட்டது. பகலை விற்றுத்தான் உண்ணமுடியும் என்றிருந்தவன் என்ன செய்வான்? அவன் இனி இரண்டு பகல்களை வாழவேண்டும்.

பட்டம் இல்லாத ஒருவர், பவுண்டு வாங்கிய ஒருவர்

பழைய வாசல் மூடுவதற்கு முன் நுழைந்தவர்களில் ஒருவர் வில்லியம் சிட்னி போர்ட்டர். நமக்கு ஓ. ஹென்றி. வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோ நகரில் மாமாவின் மருந்துக்கடையில் வேலை செய்தபடியே தொழில் கற்று, 1881இல், பத்தொன்பது வயதில் உரிமம் பெற்றார். கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. பின்னர் வங்கிப் பணம் கையாடிய வழக்கில் தண்டனை பெற்று, 1898இல் ஓஹையோ சிறைக்குப் போனபோது அந்தப் பழைய உரிமம் அவரைக் காப்பாற்றியது. கடும் உழைப்புக்குப் பதில் சிறை மருத்துவமனையில் இரவு நேர மருந்தாளுநர் வேலை கிடைத்தது. அந்த இரவுகளில்தான் அவர் கதைகள் எழுதிப் புனைபெயர்களில் இதழ்களுக்கு அனுப்பினார். 1901இல் விடுதலையாகி வெளியே வந்தபோது எழுத்தாளராகவே வந்தார். மாமாவின் கடையில் கற்ற தொழில் மகளுக்குப் பணம் அனுப்பவும் கதை எழுதவும் அவருக்கு நேரம் வாங்கித் தந்தது.

அகதா கிறிஸ்டி வேலை பார்த்தபடியே படித்தது முதல் உலகப் போரின் போது. டார்க்கீ நகரின் போர்க்கால மருத்துவமனையில் ஊதியமில்லாத செவிலியாக இருந்தவர் 1916இல் அதன் மருந்தகத்துக்கு மாறினார். மருந்து கலக்க உரிமை பெற லண்டன் அபோதிக்கரி சங்கத்தின் தேர்வில் தேறவேண்டும். மருந்தகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவரிடம் தனிப்பாடமும் கேட்டார். அந்த ஆசிரியர் கணக்கில் ஒரு புள்ளியை இடம் மாற்றி வைத்து மருந்தின் அளவைப் பன்மடங்காக்கிவிட்டதைப் பயிற்சி பெறும் இளம்பெண் கண்டுகொண்டார். சுட்டிக்காட்டத் துணிவில்லை. தட்டைத் தவறவிட்டதுபோல் கீழே தள்ளிவிட்டு, மிதித்தும் நசுக்கிவிட்டார். தன் சட்டைப்பையில் கியூராரே நஞ்சுக் கட்டி ஒன்றைச் சுமந்து திரிந்தவரும் அதே ஆசிரியர்தான். அதைச் சுமக்கையில் தமக்கு வலிமை வந்ததுபோல் இருப்பதாக அவர் சொன்னாராம். இவற்றைத் தம் தன்வரலாற்றில் கிறிஸ்டியே எழுதியிருக்கிறார். பல பத்தாண்டுகள் கழித்து 1961இல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலின் பாத்திரம் ஒன்றுக்கு அம்மனிதரே வித்து.

1917இல் கிறிஸ்டி தேர்வில் தேறினார். ஆண்டுக்கு 16 பவுண்டு ஊதியமும் கிடைத்தது. மருந்தகத்தில் வேலை சிலசமயம் நெரியும். சிலசமயம் மணிக்கணக்கில் வெறுமனே உட்கார நேரிடும். நச்சு அலமாரிகள் சூழ உட்கார்ந்திருந்த அந்த ஓய்வில்தான் துப்பறியும் கதை எழுதும் எண்ணம் உருப்பெற்றது. 1920இல் வெளியான அவருடைய முதல் நாவல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' நஞ்சைப் பற்றியது. மருந்தியல் இதழ் ஒன்று அதன் துல்லியத்தைப் பாராட்டி எழுதியது. தேர்வுக்காகப் படித்த எதுவும் வீணாகவில்லை.

நம் பக்கத்துக் கணக்கு

இந்தியாவில் இதே கதை வேறு பெயரில் நடந்தது. நம் தலைமுறைக்கு முந்தையவர்கள் 'கம்பவுண்டர்' என்ற சொல்லை மரியாதையோடு சொல்வார்கள். மருத்துவரின் அறைக்கு வெளியே, பலகைத் தடுப்புக்குப் பின்னால், மிக்சரைக் குலுக்கிக் குப்பியில் அளவுக் காகிதம் ஒட்டித் தந்தவர். அவர்களில் பலர் பார்த்துப் பார்த்தே கற்றவர்கள்.

1930இல் அமைக்கப்பட்ட சோப்ரா குழு நாட்டின் மருந்து நிலையை ஆராய்ந்து மறு ஆண்டே அறிக்கை தந்தது. 1932இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராஃப் மருந்தியல் கல்வியைத் தொடங்கிவைத்தார். 1948இல் மருந்தியல் சட்டம் வந்தது. அதில் நம் கவனத்துக்குரிய ஒரு கூறு உண்டு. பதிவேட்டை முதன்முதலில் தயாரிக்கையில், பட்டமோ பட்டயமோ இல்லாவிட்டாலும் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலந்தவர்களின் பெயர்களையும் சேர்த்துக்கொள்ள அச்சட்டம் இடமளித்தது. உழைத்துக் கற்றவனை ஒரே நாளில் தெருவில் நிறுத்திவிடாமல், அவனுக்குப் பின் வருபவர்களுக்கு மட்டும் கல்லூரியைக் கட்டாயமாக்கிய விவேகம் அது. பிரெஸ்காட்டும் அவருடைய எதிராளிகளும் அந்த ஒரு விதிக்குள் சமாதானமாகிவிட்டார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது.

பழைய முறையின் நிழல் இன்றும் முற்றாக மறையவில்லை. நம் நாட்டுப் பட்டயப் படிப்பை முடித்தவர் பதிவு பெறுவதற்கு முன், மூன்று மாதங்களுக்குக் குறையாமல், 500 மணி நேரம் நடைமுறைப் பயிற்சி பெற்றாக வேண்டும். நான்காண்டுகள் 500 மணிநேரமாகச் சுருங்கிவிட்டன. அமெரிக்காவிலோ நடைமுறைப் பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. முன்பு பழகுநருக்கு முதலாளி சோறும் கூரையும் தந்தார். இப்போது பயிற்சி மணிநேரத்துக்கும் சேர்த்து மாணவரே கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகிறார். அக்கட்டணத்தின் ஒரு பகுதியை ஈட்ட, மாலைகளிலும் வார இறுதிகளிலும் மீண்டும் ஒரு மருந்துக்கடையில் போய் நிற்கிறார்.

படிப்பையும் வேலையையும் சேர்த்துச் சுமக்கும் மாணவரிடம் நாம் வழக்கமாகச் சொல்வது நேரத்தைத் திட்டமிடு, தூக்கத்தைக் குறை, மன உறுதியைக் கைவிடாதே என்பவைதாம். மேலே கண்ட வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஷீலேக்குக் கிடைத்த அலமாரி, பிராக்டருக்குக் கிடைத்த மாலை வகுப்பு, கிறிஸ்டிக்குக் கிடைத்த ஓய்ந்த பிற்பகல்கள் ஆகியவை அவர்களுடைய மன உறுதியால் விளைந்தவை அல்ல. அவற்றை வேறு யாரோ ஏற்படுத்தி வைத்திருந்தார்கள். இப்சனிடமும் மன உறுதிக்குக் குறைவில்லை. அவருக்கு இரவு மட்டுமே விட்டுவைக்கப்பட்டிருந்தது. உழைக்கும் மாணவனின் தராசு ஒருபக்கம் சாயும்போது, அவன் கையை மட்டும் பார்க்காமல், தராசைத் தொங்கவிட்டவர்கள் யார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 1821இன் ஃபிலடெல்ஃபியாக் கடைக்காரர்கள் அறிவியலில் பின்தங்கியவர்களாக இருக்கலாம்; தங்கள் பையன்கள் எப்போது கடையை மூடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.